மூக்கை நம்பாதே!

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1950-களின் தொடக்கத்தில் இரண்டு பேர் இயற்பியல் படித்தார்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், பின்னாளில் சுஜாதா. இன்னொருவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். முன்னவர் விஞ்ஞானக் கதை எழுதினார். பின்னவர் ராக்கெட்டே விட்டார்.

அந்த ராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி ராத்திரி இருக்கிறது.

எஸ்.எல்.வி-3 முதன்முதலாகப் பறந்தது 1979 ஆகஸ்ட் 10. அதற்கு முன்னால் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒரு சோதனை. கவுன்ட்-டவுன் முடியப் பதினைந்து நிமிடம் பாக்கி. பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று மக்கர் செய்தது. என்ன ஆச்சு என்று பார்க்கக் கிட்டே போனார்கள். புகையும் சிவப்பு நைட்ரிக் அமிலம் நிரம்பிய டாங்க் வெடித்தது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆறு படுக்கைக்குக் கெஞ்ச வேண்டியிருந்ததாம். ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தில் கலாமே சொல்லியிருக்கிறார்.

தோல் வெந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சிவப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்ஸைடு. சுவாசித்தால் கொஞ்சம் இருமல் வரும், அடங்கிவிடும். ‘ஒண்ணுமில்லை’ என்று வீட்டுக்குப் போனவருக்குப் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 1975 ஜூலை 24-ல் பூமிக்குத் திரும்பிய அப்போலோ விண்கலத்துக்குள் இதே ஜாதி வாயு புகுந்தது. மூவரில் ஒருவர் மூர்ச்சையானார். மூவரையும் ஹவாயில் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணித்தார்கள்.

எவ்வளவு சுவாசித்தால் ஆபத்து? ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஒரு கணக்குப் போட்டார். காற்றில் இருக்கும் அளவு, பெருக்கல், சுவாசித்த நேரம். அசலைக் காலத்தால் பெருக்குகிற தனிவட்டிக் கணக்கு மாதிரி. ஆனால் இந்த வாயு தனிவட்டிக்கு அடங்காது. நெடுநேரம் கொஞ்சமாகச் சுவாசிப்பதைவிட, சில நிமிடம் அடர்த்தியாகச் சுவாசிப்பது மோசம்.

ஹைட்ரஸீன் இன்னும் விஷமக்காரன். வேலை செய்கிற இடத்துக்கு அமெரிக்க நிபுணர்கள் பரிந்துரைக்கும் வரம்பு, பத்து கோடியில் ஒரு பங்கு. மூக்குக்கு வாடை தெரியவே சுமார் முந்நூறு பங்கு வேண்டும். ‘நாத்தம் வந்தா ஓடிடலாம்’ என்று நிற்பவர் ஏற்கெனவே தாமதம். பி.எஸ்.எல்.வி-யின் விகாஸ் எஞ்சினுக்கு இந்த ஹைட்ரஸீன் குடும்பம்தான் எரிபொருள். அதனால்தான் கருவிகளும் சுவாசக் கவசமும்.

எஸ்.எல்.வி-3 முதல்முறை கடலில் விழுந்ததற்கும் அதே அமிலக் கசிவுதான் காரணம். 1980 ஜூலை 18-ல் ஜெயித்தது. ஊரே கொண்டாடியது.

அந்த ஆஸ்பத்திரி ராத்திரியில், விடியற்காலை மூன்று மணி சுமாருக்குக் கண் விழித்த ஒருவர், வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விபத்துக்காக வருந்தினார், தாமதமான வேலையை ஈடுகட்டிவிடுகிறேன் என்றார். அவர் வேலையைப் பற்றிக் கவலைப்படட்டும். அவருடைய நுரையீரலைப் பற்றிக் கவலைப்படத்தான் அந்த வரம்புகள்.