வரட்சிக்காலத்துப் பிரேரிப் பாடசாலைகள்

கனடாவின் மேற்குப் பாகத்திலே மனிற்றோபா, சஸ்கச்சவான், அல்பேற்றா என்னும் மூன்று மாகாணங்களின் தென்பகுதியாகப் பரந்து கிடக்கும் பிரேரிப் புல்வெளியைப் பூமிசாத்திரம் பயிலும் மாணவர் உலகின் கோதுமைக் களஞ்சியங்களுள் ஒன்றாக அறிவர். அக்களஞ்சியம் வெறுமையுற்றுக் கிடந்த 1930 ஆம் ஆண்டுக் காலப்பகுதியில் அங்கே எழுத்தறிவித்தோர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

அந்நாட்டின் 1872 ஆம் ஆண்டு நிலச்சட்டம் புல்வெளியை ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுங் கொண்ட சதுரங்களாக அளப்பித்து, ஒவ்வொன்றையும் 36 கூறுகளாக்கி, அவற்றுள் 11 ஆம், 29 ஆம் கூறுகளைக் கல்விக்கென ஒதுக்கிற்று. அவற்றை விற்ற பணம் பாடசாலை நிதிக்குச் சேர்ந்தது. (அந்நிலம் முன்னர் ஆதிக்குடிகளுடையதாயிருந்தது என்பதும், அவர்தம் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறுவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர் என்பதும் தனியே எழுதப்படவேண்டிய துயர வரலாறாகும்.) குடியேறிய கமக்காரர் சில சதுர மைல்களைப் பாடசாலை வட்டாரமாக வகுத்து, தம்முள் மூவரைத் தருமகருத்தராகத் தெரிந்து, நிலவரி விதித்து, ஒற்றை அறைக் கட்டடமொன்றை எழுப்பினர். முதலாம் வகுப்புத் தொடக்கம் எட்டாம் வகுப்பு வரை அனைத்தையும் ஓராசிரியரே கற்பித்தார். சஸ்கச்சவான் மாகாணத்தில் மாத்திரம் இத்தகைய வட்டாரங்கள் ஏறக்குறைய ஐயாயிரம் இருந்தன.

பிள்ளைகள் நடந்தோ குதிரையிலோ வரக்கூடிய தூரத்தில் பாடசாலை அமைந்தமை இவ்வேற்பாட்டின் சிறப்பு. ஆனால் ஆசிரியரின் சம்பளத்தில் பெரும்பங்கு அச்சிறு வட்டாரத்துக் கமக்காரரின் வரியிலிருந்தே வரவேண்டியிருந்தது. அவர்களுக்கோ கோதுமையையன்றி வேறு வருவாய் இல்லை. பொருளாதார மந்தம் தொடங்குமுன் புசல் ஒரு டொலருக்கு மேல் விலைபோன கோதுமை, 1932 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வின்னிப்பெக் சந்தையில் 40 சதத்துக்கும் கீழே வீழ்ந்தது. புகையிரதக் கூலி கழிந்தபின் கமக்காரன் கையில் எஞ்சியது அதனினும் குறைவு. விலை வீழ்ச்சியோடு வரட்சியும் வந்தது. நல்லாண்டில் ஏக்கருக்குப் பதினைந்து புசலளவு விளைந்த சஸ்கச்சவானில், 1937 ஆம் ஆண்டிற் சராசரி விளைச்சல் 2.7 புசலே. 1928 இல் ஆளொருவருக்கு 478 டொலராயிருந்த மாகாண வருமானம் 1933 இல் 135 டொலராகச் சுருங்கிற்று என்பது பின்னர் அரச ஆணைக்குழுவொன்று கணித்த கணக்கு.

வரி வராதபோது சம்பளம் எங்ஙனம் வரும்? முதலில் அது குறைக்கப்பட்டது. பின்னர் குறைத்த சம்பளமும் நிலுவையாயிற்று. பல வட்டாரங்கள் பணத்துக்குப் பதிலாகப் புரோநோட்டு எனப்படும் கடனுறுதிச் சீட்டுக்களை எழுதிக் கொடுத்தன. அரசாங்கத்தின் சிறு மானியமொன்றே ஆண்டு முழுவதற்கும் கைக்குவந்த காசாக அமைந்த இடங்களும் உண்டு. எனினும் வெற்றிடமொன்று ஏற்பட்டவுடன் விண்ணப்பங்கள் குவிந்தன. உயர்தர வகுப்பை முடித்த இளைஞருக்கு வேறு தொழில் கிடையாமையால் அவர்கள் ஆசிரிய கலாசாலைகளை நாடினர். வெளிவந்ததும் ஒருவரைவிட ஒருவர் குறைந்த சம்பளத்துக்கு இசைந்தனர். தருமகருத்தர்மீது முழுப்பழியையுஞ் சுமத்துதல் நியாயமன்று. அவரும் அரசின் நிவாரணத்தை எதிர்பார்த்து நின்ற ஏழைக் கமக்காரரே. உணவும் உறையுளுமாவது கிடைக்கும் என்ற எண்ணமே பலரை அத்தொழிலில் நிறுத்திற்று.

அவ்வுறையுள் பெரும்பாலும் யாதாயினும் ஒரு கமக்காரரின் வீட்டிலே கிடைத்தது. சிலர் பாடசாலையை அடுத்த சிறு குடிலிலே தனித்திருந்தனர். விடியுமுன் அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்குவதும், மாலையிற் கூட்டித் துப்புரவாக்குவதும் பல இடங்களில் ஆசிரியரின் கடனாயின. மாரியிற் குளிர் உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கும். கோடையில் புழுதிப்புயல் எழுந்தால் நண்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. யன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்தும் மேசைகளிலே மண் படிந்தது. பிள்ளைகள் மாச்சாக்கிலே தைத்த சட்டையணிந்து வந்தனர். பாதணி இல்லாதோர் மாரி முழுவதும் வீட்டிலே தங்கினர். கீழ் மாகாணங்கள் அப்பிள், மரக்கறி, உப்பிட்ட கருவாடு ஆகியவற்றைப் புகையிரதத்தில் அனுப்பின. கடலையே கண்டறியாத அம்மக்கள் பலருக்குக் கருவாட்டைச் சமைக்கும் விதம் தெரியவில்லையாம்!

இத்தகைய அறையிலே எட்டு வகுப்புக்கள் எவ்வாறு நடந்தன என்பது ஆசிரியத் தொழிலாளர் கருதத்தக்கது. ஒரு வகுப்பு முன்னே வந்து வாசிக்க, ஏனையோர் கரும்பலகையிற் கண்ட கணக்கைச் செய்வர். மூத்த மாணவி அரிவரிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுவாள். சிறியோர் பெரியோரின் பாடத்தைக் கேட்டுக் கேட்டே முன்கூட்டி அறிந்துகொள்வதும் உண்டு. பிரதிகளை அச்சிட வசதியின்மையால், தட்டில் உறையவைத்த களிப்பசையிலே மைப்பிரதியைப் பதித்துத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தனர். நத்தார்க் கலைவிழாவே ஆண்டின் பெருநிகழ்ச்சி. ஆசிரியரின் திறமையை ஊரார் அதனைக்கொண்டே அளந்தனர். பரீட்சை முடிவைக் கொண்டு அளந்தவர் குறைவு.

அக்காலத்தில் அங்கே ஆசிரியராயிருந்த மக்ஸ் பிறெய்த்வெயிற் என்பார் அவ்வனுபவத்தை நகைச்சுவையும் கசப்புங் கலந்து எழுதிய 'வை ஷூட் த ரீச்சர்' 1965 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தனிமையே அந்நூலின் பெருங்குறை கூறல். பத்தொன்பது, இருபது வயதினர் தம்மையொத்த கல்வியுடையார் ஒருவரையுங் காணாது மாதக்கணக்கில் வாழ்ந்தமை, சம்பளக் குறைவினுங் கொடிதாய் இருந்திருக்கலாம்.

1929 முதல் 1934 வரை சஸ்கச்சவானின் பிரதமராயிருந்த ஜே. ரி. எம். அன்டர்சன் முன்னாள் ஆசிரியர். பாடசாலைப் பரிசோதகராகவும் இருந்தவர். கல்வி அமைச்சையும் தாமே வகித்தவர். அவராலும் வெறும் பொக்கிஷத்திலிருந்து சம்பளம் வழங்க இயலவில்லை. ஆசிரியர் தாமே ஒன்றுபட்டு மாகாண ஆசிரியர் சங்கத்தை வலுப்படுத்த, 1935 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அனைவருக்கும் உரிய சங்கமாக ஏற்றது. அச்சங்கத்தின் தலைவராயிருந்த வூட்றோ லொயிட் 1944 இல் டக்ளஸ் அரசாங்கத்தின் கல்வியமைச்சரானார். அவ்வாண்டிலேயே நிறைவேறிய சட்டத்தின்படி, சிறு வட்டாரங்கள் பலவற்றை ஒன்றாக்கிப் பெரும் பாடசாலைப் பிரிவுகள் அமைந்தன. ஆசிரியரின் ஊதியம் அண்டை வயல்களின் விளைச்சலை மாத்திரம் நம்பியிருந்த நிலை அகன்றது.

ஊரார் சிலர் இம்மாற்றத்தை விரும்பினரல்லர். தம் பாடசாலையைத் தாமே ஆளும் உரிமை போயிற்றென வருந்தினர், அவ்வருத்தம் பொருளற்றதன்று. வீதிகள் திருந்தி பஸ் வண்டிகள் ஓடத்தொடங்கிய பின்னர் ஒற்றை அறைப் பாடசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில கட்டடங்கள் ஊர்மண்டபங்களாயின. சில கமக்காரருக்கு விலைப்பட்டுத் தானியக் களஞ்சியங்களாயின. பல இடங்களில் வட்டாரத்தின் பெயரும் பாடசாலை நடந்த ஆண்டுகளும் பொறித்த நினைவுக்கல் மாத்திரம் வயலோரத்தில் நிற்கின்றது.