நாய்க்குட்டிப் பேணலும் பாலூட்டும் தாய் நாயும்

நாய்க்குட்டிகள் பிறந்த நாள்தொட்டுத் தாய்ப்பாலை மறந்து தாமாக உண்ணத் தலைப்படும் வரையுள்ள ஏறக்குறைய எட்டு வார காலமே நாயின் ஆயுளில் அபாயம் மிகுந்த பருவமாகும். கண்ணும் செவியும் மூடிய நிலையில், தன் உடலின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியும், பிறர் துணையின்றிச் சிறுநீர் கழிக்கும் சக்தியுங்கூட இல்லாமல் ஜனிக்கும் இச்சிறு பிராணி, முதல் மூன்று வாரங்களில் முற்றிலும் தாயையே சார்ந்து உயிர் வாழ்கிறது. ஆதலால், குட்டியைப் பேணுவது என்பது பெரும்பாலும் தாயைப் பேணுவதேயாகும். மனிதன் செய்ய வேண்டியவை சில, செய்யாதிருக்க வேண்டியவை பல.

இப்பேணலை எடுத்துக்காட்டாக ஓர் ஊரின் சூழலில் வைத்துக் காணலாம். திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனிமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள கன்னிவாடி, முன்னாளில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கி, இன்று பேரூராட்சியாக இருக்கும் ஊராகும். மலையும் காடும் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய ஊர்களில் நாயின்றி விவசாயக் குடும்பம் இருப்பது அரிது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் நாயை வேட்டைக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் சட்டத்திற்குப் புறம்பாயிற்று. தோட்டங்காவலும் ஆட்டுப்பட்டிக் காவலும் அதன் தொழிலாக நிலைபெற்றன. பெரும்பாலும் இங்கே காணப்படுபவை தனி இனப்பெயரற்ற நாட்டு நாய்களே. தென்மாவட்டங்களின் புகழ்பெற்ற இனங்களான இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றை விரும்பி வளர்ப்போரும் உண்டு. இவ்வினங்களைக் காப்பதற்கெனத் தமிழக அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனவிருத்திப் பிரிவு ஒன்றை நடத்தி வந்துள்ளது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. இனம் எதுவாயினும், பிறந்த குட்டியின் தேவைகளில் வேற்றுமை இல்லை.

நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்ந்து, ஐப்பசி, கார்த்திகை தொடங்கிப் பனிக்காலம் முழுவதும் குட்டி போடுகின்றன. கோடையில் தகிக்கும் திண்டுக்கல் சமவெளியில் குளிரால் ஒரு ஜீவன் மடியும் என்று நம்புவது கடினமாகையால், இங்கே குட்டிகள் இறக்கும்போது மக்கள் பால் போதவில்லை என்றும், கண்ணேறு என்றும், தாய்க்கு ஆகாத குட்டி என்றும் காரணம் கூறுவர். ஆனால் மலையிலிருந்து இறங்கும் மார்கழி இரவின் ஈரக்காற்றும், மழைநீர் ஊறிய மாட்டுக் கொட்டத்து மண்தரையும், பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு குட்டியைக் கொல்லப் போதுமானவை. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் மேற்கு வங்காளத்தில் ஐந்தாண்டுகள் தெருநாய்க் குட்டிகளைக் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 364 குட்டிகளுள் இனவிருத்திப் பருவத்தை எட்டியவை ஏறக்குறைய 19 விழுக்காடு மட்டுமே என்றும், இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மனிதரின் பங்கு இருந்தது என்றும் கண்டனர். இவ்வுண்மை நம்மை வருந்தச் செய்ய வேண்டியதாகும்.

நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாட்கள். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, ஆள்நடமாட்டமும் வெளிச்சமும் குறைந்த, தரை உலர்ந்த, காற்று நேராக வீசாத மூலை ஒன்றைத் தாய்க்குப் பழக்கிவிட வேண்டும். தாய் கால்நீட்டிப் படுத்துத் திரும்பத்தக்க அகலமுள்ள மரப்பெட்டியோ, செங்கல் அடுக்கிய தடுப்போ போதும். தாய் தாண்டத்தக்கதாயும் குட்டி தாண்ட இயலாததாயும் அதன் உயரம் இருக்கலாம். உட்புறச் சுவரைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில், சுவரினின்றும் சிறிது விலகி, மூங்கிற்கழி ஒன்றைக் கட்டிவைத்தால், தாய் சுவரோடு சாயும்போது குட்டி நசுங்காமல் கழிக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். அடியில் உலர்ந்த சாக்கும் அதன்மேல் துவைத்த பழைய வேட்டித் துணியும் விரித்து, நனையும்போதெல்லாம் துணியை மாற்றுவது நன்று. தாயின் உடல் உஷ்ணம் இயல்பினின்றும் தாழ்ந்து 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே சென்றால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம் நிகழும்.

பிரசவத்தில் தலையிடாதிருப்பதே பொதுவிதி. தாயே சவ்வைக் கிழித்து, கொடியைக் கடித்து, நாவால் நக்கிக் குட்டியை மூச்சுவிடச் செய்யும். அந்த நக்குதல் வெறும் வாஞ்சையன்று, அதுவே குட்டியின் சுவாசத்தையும் இரத்த ஓட்டத்தையும் எழுப்பும் சிகிச்சையாகும். தலையீத்துக்காரி சிலவேளை திகைத்து நின்றுவிடும். அப்போது மட்டும் சவ்வை முகத்திலிருந்து அகற்றி, உலர்ந்த துணியால் முதுகை உறுதியாகத் தேய்த்துத் தாயின் முகத்தருகே வைக்க வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் தாய் பலமாக முக்கியும் குட்டி வெளிவராவிடினும், உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி நேர்ந்தாலும், முதற்குட்டி வெளிவருமுன்பே பச்சைநிற நீர் கசிந்தாலும், நாட்டு வைத்தியத்தில் காலங்கழிக்காமல் கால்நடை மருத்துவரை அழைப்பது அவசியம்.

பிறந்த குட்டிக்கு முதல் தேவை பால் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் முதல் தேவை உஷ்ணம். முதல் வாரத்தில் குட்டியின் உடல் உஷ்ணம் 95 முதல் 97 டிகிரி அளவிலேயே இருக்கும். வளர்ந்த நாயின் உஷ்ணமாகிய 101 டிகிரியை அது எய்தப் பல வாரங்கள் ஆகும். குளிரும்போது நடுங்கி உடலைச் சூடேற்றும் திறனும் முதல் சில நாட்களில் அதற்கில்லை. ஆகவே படுக்கையருகே 85 முதல் 90 டிகிரி வரை வெதுவெதுப்பு இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும், எட்டாத உயரத்தில், ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாலோ, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி வைத்தாலோ போதும். மறுபாதி குளுமையாக இருந்தால்தான், சூடு மிகும்போது குட்டி நகர்ந்துகொள்ளவும், மூச்சிரைக்கும் தாய் சற்று விலகிப் படுக்கவும் இயலும். சித்திரை, வைகாசியில் ஈன்ற தாய்க்கோ நேர்மாறாக நிழலும் காற்றும் தேவை. தகரக் கூரையின் கீழ் குட்டிகளை வைப்பது அக்காலத்தில் கொடுமையாகும்.

குட்டிகளின் நிலையை அறியக் கருவிகள் வேண்டா. சிறிது நேரம் உற்று நோக்கினால் போதும். சௌக்கியமான குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, உறக்கத்திலும் கைகால்கள் இடையிடையே துடித்தெழும்படி கிடக்கும். எல்லாம் கும்பலாக நெருங்கி முனகினால் குளிர் என்றும், ஆளுக்கொரு மூலையாய் விலகி இளைத்தால் சூடு என்றும் அறியலாம். கூட்டத்தினின்றும் ஒரேயொரு குட்டி மட்டும் தனியே ஒதுங்கிக் கிடந்து, ஓயாமல் மெலிந்த குரலில் கத்தினால், அதனைக் கையிலெடுத்து அதன் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். வாய் சில்லென்றிருந்து, விரலை உறிஞ்சும் முயற்சியும் இல்லையெனில், அக்குட்டி குளிர்ந்துவிட்டது என்பது திண்ணம். அவ்வேளையில் இரக்கத்தால் உந்தப்பட்டுச் சங்கில் பால் புகட்டுவோர் பலர். அதுவே அதன் மரணத்திற்குக் காரணமாகிவிடுகிறது. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது, பால் செரியாது. உறிஞ்ச வலுவற்ற குட்டிக்கு ஊற்றிய பால் நுரையீரலுக்குள்ளும் செல்லும். முதலில் மார்போடு அணைத்தோ, வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்தோ, ஒரு மணி நேரத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, வாய் வெதுவெதுப்பாகி அது விரலைச் சப்பத் தொடங்கிய பின்னரே பாலூட்ட வேண்டும். குட்டிகளைத் தாக்கும் ஒருவகை ஹெர்ப்பிஸ் வைரஸ் கிருமி, குளிர்ந்த உடலில்தான் செழித்துப் பெருகுகிறது என்பதும் உஷ்ணத்தின் இன்றியமையாமைக்குச் சான்றாகும்.

அடுத்தது சீம்பால். தாயின் உடலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் குட்டிக்கு மிகச் சிறிதளவே செல்கின்றன. பெரும்பகுதி முதல் நாள் சுரக்கும் சீம்பாலின் வாயிலாகவே கிட்டுகிறது. அதை அப்படியே ஏற்கும் தன்மை குட்டியின் குடலுக்கு ஏறக்குறைய 24 மணி நேரமே உண்டு. ஆகவே வலிய குட்டிகளால் தள்ளப்படும் சின்னக் குட்டியை எடுத்து, பால் மிகுந்த பின்மடிக் காம்புகளில் அமர்த்துவது முதல் நாளின் முதற்கடமை. தினமும் ஒரே வேளையில் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தால், எடை கூடுகிறதா என்பது ஐயமின்றித் தெரியும்; நன்கு வளரும் குட்டி எட்டுப் பத்து நாட்களில் பிறந்தபோதிருந்த எடையைப் போல் இருமடங்காகும். தாயை இழந்த குட்டிகளுக்குப் பசும்பாலை நீர் கலந்து ஊட்டும் வழக்கம் தவறு. நாய்ப்பாலில் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு கொழுப்பும் ஏழெட்டு விழுக்காடு புரதமும் இருக்க, பசும்பாலில் இவை மூன்று நான்கு விழுக்காடே. கடைகளில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால்மாவே ஏற்றது. அது கிட்டும்வரை, நீர் சேர்க்காத பாலில் முட்டையின் மஞ்சட்கருவைக் கலந்து ஓரிரு நாள் சமாளிக்கலாம். குட்டியைக் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும். ஊட்டிய பின் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவிச் சிறுநீரும் மலமும் கழியச் செய்ய வேண்டும். தாயின் நாக்குச் செய்யும் வேலை அது.

தாயின் ஆகாரம் முதல் வாரத்தில் வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாகவும், பால் உச்சமாகச் சுரக்கும் மூன்றாம் நான்காம் வாரங்களில், குட்டிகளின் எண்ணிக்கைக்கேற்ப, இரண்டு முதல் நான்கு மடங்காகவும் உயர வேண்டும். சோளக்கஞ்சியும் கேப்பைக்களியும் வயிற்றை நிரப்புமேயன்றி, பாலுக்கு வேண்டிய புரதத்தைத் தாரா. முட்டையும் வேகவைத்த இறைச்சியும் சேர்ந்தால்தான் உணவு நிறைவுறும். ஒரே வேளையில் திணிக்காமல் நாலைந்து வேளையாகப் பிரித்து, படுக்கையருகிலேயே வைப்பதும், தண்ணீர்ச் சட்டி வறளாமல் பார்ப்பதும் நன்று. குட்டிகளை விட்டுச் செல்ல மனமின்றித் தாகத்தோடு கிடக்கும் தாய்கள் உண்டு.

ஈன்ற இரண்டு மூன்று வாரங்களில், பலவாகிய குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயைத் திடீரெனத் தாக்குவது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் வலிப்பு. காலையில் நன்றாக இருந்த நாய் மாலையில் காரணமின்றி அலைந்து, மூச்சிரைத்து, கால்கள் விறைத்துத் தள்ளாடி, தசைகள் துடிக்க விழுந்துவிடும். விஷம் தின்றுவிட்டது என்றும் வெறி பிடித்துவிட்டது என்றும் இதனைத் தவறாகக் கருதி அடித்துக் கொல்லும் அவலமும் நேரக்கூடும். மருத்துவர் சிரையின் வழியே மெதுவாகக் கால்சியம் செலுத்தினால் இந்நோய் விரைவில் தணியும். தாமதித்தால் உயிர் தங்காது. உடனே குட்டிகளைப் பிரித்து வேறு பால் ஊட்ட வேண்டும். சினைக்காலத்திலேயே கால்சிய மருந்தைத் தாராளமாகக் கொடுத்துவந்தால் இது வராது என்று எண்ணுவது இயல்பெனினும், அப்பழக்கம் எலும்பிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் இயற்கைத் திறனை மந்தமாக்கி, நோய்க்கே வழிகோலுகிறது. இவையன்றி, மடி கல்லாகிச் சிவந்து பால் நிறம் மாறுவதும், காய்ச்சலுடன் துர்நாற்றமுள்ள நீர் கசிவதும் தாமதமின்றிச் சிகிச்சை செய்யத்தக்க குறிகள். நாற்றமற்ற செம்பழுப்புக் கசிவு மூன்று நான்கு வாரம் இருப்பது இயல்பே.

பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் கண் திறக்கும். அதன் பின் சில நாட்களில் செவி திறக்கும். மூன்றாம் வாரத்தில் பால்பற்கள் முளைக்கும். உருண்டைப்புழு கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்து தொற்றுவதாலும், கொக்கிப்புழு பாலின்வழி புகுவதாலும், இரண்டாம் வாரத்திலிருந்து இருவாரத்திற்கொருமுறை தாய்க்கும் குட்டிக்கும் மருத்துவர் சொல்லும் அளவில் புழுநீக்க மருந்து தருவது முறை. உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் சீப்பாலும் கையாலும் நீக்கலாம். பெரிய நாய்க்குரிய பூச்சிமருந்து சின்னக் குட்டிக்கு நஞ்சு. நான்காம் வாரம் தொடங்கிக் குழைய வேகவைத்த சோற்றையும் முட்டையையும் தட்டில் பழக்க, ஏழெட்டு வாரத்தில் பால் தானே மறக்கும். ஆறாம் எட்டாம் வாரங்களுக்கிடையே பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசிகளைத் தொடங்கி, 16 வாரம் நிறையும் வரை உரிய இடைவெளிகளில் திரும்பப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போடப்படும்.

முப்பது நாள் ஆனதும் குட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவமே நாயின் சுபாவம் உருவாகும் பருவம் என்பதை ஸ்காட், புல்லர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் நிறுவினர். கடியின் அளவை உடன்பிறந்தவற்றோடு விளையாடியே குட்டி கற்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி, விற்பனை விதிகளும் எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன.

தெருவில் ஈன்ற நாயைப் பொறுத்தவரை, குட்டிகளைத் தூக்கி வேறிடம் சேர்ப்பது உதவியாகாது. தாய் இரைதேடிச் சென்றிருக்கும் வேளையில் அவை அநாதைகளாகக் கருதப்பட்டுப் பிரிக்கப்படுவதுண்டு. மழை படாத இடத்தில் ஒரு சாக்கு விரித்து, தாய்க்கு நாள்தோறும் சோறும் தண்ணீரும் வைத்து, சிறுவர்களை விலக்கி நிறுத்துவதே போதிய தருமம். குட்டி போட்ட நாய் அணுகுவோரைக் கடிப்பது அதன் இயல்பு. கடிபட்டால் புண்ணைச் சோப்பிட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிகள் பால்மறந்து, தாயின் மடி வற்றிய பின்னர், மறு ஈற்று நேராதவாறு அதற்குக் கருத்தடை அறுவை செய்விக்கலாம்; 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அறுவை முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடுவதே பொதுவிதியாகும்.