எட்னா லூயிஸும் வர்ஜீனியச் சிற்றூரின் சமையற் பதிவும்

வட்டாரச் சமையல் நூல்களுள் பெரும்பாலானவை ஒரு நிலப்பகுதியின் உணவுகளைச் சூப், இறைச்சி, காய்கறி, இனிப்பு என வகைவகையாகப் பிரித்து அடுக்குவன. அவ்வுணவு எந்தப் பருவத்தில், எந்த வேலைக்கு நடுவே, யார் உண்பதற்காகச் சமைக்கப்பட்டது என்னும் செய்தி முன்னுரையோடு நின்றுவிடும். அச்செய்தியையே நூலின் கட்டமைப்பாகக் கொண்டு எழுதியவர் அமெரிக்கக் கறுப்பினச் சமையற்கலைஞர் எட்னா லூயிஸ் (1916–2006). உணவகச் சமையற்கூடத்தில் பெயர் பெற்றபின் எழுத வந்து, எழுத்தால் புகழடைந்தபின் முதிய வயதில் மீண்டும் உணவக அடுப்புக்கே திரும்பிய அவருடைய தொழில்வாழ்க்கை, ஒரு வட்டாரத்தின் உணவை ஏட்டில் ஏற்றுவதற்கு எத்தகைய அறிவு வேண்டும் என்பதை அறிய விரும்புவோர் ஊன்றிக் கற்கத் தக்கது.

அவர் பிறந்த ஃப்ரீடவுன், வர்ஜீனியா மாநிலத்தின் ஆரஞ்சு மாவட்டத்தில், அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற குடும்பங்கள் சில தமக்கெனக் குடியிருப்பு அமைத்து உருவாக்கிய சிற்றூராகும். அதை நிறுவியோருள் ஒருவர் எட்னாவின் பாட்டனார் செஸ்டர் லூயிஸ். ஊரின் முதற் பள்ளி அவருடைய வீட்டில்தான் நடந்தது. கோதுமை பயிரிடுதல், பன்றியும் கோழியும் வளர்த்தல், காட்டுப் பழங்களையும் காளான்களையும் சேகரித்தல், குளிர்காலத்துக்கு வேண்டியவற்றை முன்கூட்டியே உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்தி வைத்தல் ஆகியவற்றால் அவ்வூர் பெரும்பாலும் தன் உணவைத் தானே விளைவித்துக்கொண்டது. எட்னா பயின்ற சமையற்பள்ளி இவ்வூரேயன்றி வேறில்லை.

தந்தையின் மறைவுக்குப்பின் பதின்பருவத்திலேயே ஊரைவிட்டு வெளியேறிய அவர், வாஷிங்டன் வழியாக நியூயார்க்கை அடைந்து, தையல் முதலிய பல தொழில்களைச் செய்தார். 1949இல் ஜானி நிக்கல்சன் என்பவர் மன்ஹாட்டனில் தொடங்கிய ‘கஃபே நிக்கல்சன்’ உணவகத்தில் சமையற்கூடப் பொறுப்பு அவரிடம் வந்தது. பின்னர் அவர் அதன் பங்குதாரரும் ஆனார். டென்னசி வில்லியம்ஸ், ட்ரூமன் கப்போட்டி போன்ற எழுத்தாளர்கள் நாடிவந்த அவ்வுணவகத்தின் பெயரை நிலைநாட்டியவற்றுள் தலையாயது அவருடைய சாக்லேட் சூஃப்லே, அதாவது முட்டையின் வெண்கருவை நுரைபொங்க அடித்துச் சேர்ப்பதால் அடுப்பின் வெப்பத்தில் உப்பி எழும் இனிப்பு. கறுப்பினப் பெண்ணொருவர் அந்நகரின் பெயர்பெற்ற உணவகம் ஒன்றில் பங்குதாரராக விளங்கியது அக்காலத்தில் மிக அரிதான செய்தி.

1950களின் நடுவில் அவ்வுணவகத்தை விட்டபின் அவர் சிலகாலம் நியூ ஜெர்சியில் பெசன்ட் என்னும் காட்டுக்கோழி வகையை வளர்த்தார். நோய் தாக்கிப் பறவைகள் மாண்டமையால் அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர்ச் சமையல் கற்பித்தார், விருந்துகளுக்குச் சமைத்தார். 1972இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் செம்மையானதே எனினும், நகர விருந்துகளின் மணமே அதில் மிகுதி. அடுத்த நூலுக்கு வழிவகுத்தவர் நாஃப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் ஜூடித் ஜோன்ஸ். ஃப்ரீடவுனைப் பற்றிப் பேசும்போது எட்னாவின் சொற்களுக்கு வந்துவிடும் உயிர்ப்பைக் கண்டுகொண்ட அவர், பேசுவதைப் போன்றே எழுதுமாறு வற்புறுத்திக் கேள்விமேல் கேள்வி கேட்டு அந்நினைவுகளை எழுத்தாக்கச் செய்தார். அதன் விளைவே 1976இல் வெளிவந்த ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’.

இந்நூல் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்னும் நான்கு பருவங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பருவத்துக்குள்ளும் தனித்தனி விருந்துகளாக விரிகிறது. வசந்தத்தில் கடலிலிருந்து ஆறேறி வரும் ஷாட் மீனும், செம்மறியாட்டுக்கு உரோமம் கத்தரித்த நாளின் உணவும், கோதுமை அறுவடைக்கு வந்தோர்க்கு இட்ட நண்பகல் உணவும், பன்றி அறுத்த மறுநாட் காலைச் சிற்றுண்டியும் இதில் முறையே இடம்பெறுகின்றன. ஆகஸ்டில் ஊர்த் தேவாலயத்தில் நடைபெறும், சமயப் பற்றைப் புதுப்பிக்கும் எழுப்புதல் கூட்டங்களுக்கு, நகரங்களுக்குக் குடிபெயர்ந்த உறவினரும் திரும்பிவந்து கூடுவதால், அக்கூட்டங்களுக்குரிய ஞாயிறு ஆண்டின் பெருவிருந்து நாளாக அமைந்தது. அமெரிக்கச் சமையல் நூல்களில் தவறாது காணப்படும் நன்றி நவிலல் நாள் விருந்து இதில் இல்லை. ஃப்ரீடவுன் மக்கள் கொண்டாடியது அடிமைத்தளை நீங்கிய விடுதலை நாளையே ஆதலால், அவ்விடத்தில் விடுதலை நாள் விருந்தே நிற்கிறது. இதை ஆசிரியர் உரத்த குரலில் வாதிடவில்லை. உணவுப் பட்டியலாகத் தந்துவிட்டு அடுத்த விருந்துக்குச் செல்கிறார். அமெரிக்கச் சமையல் இலக்கியத்தில் இதற்கு ஒப்பான வலிமையுடைய பக்கங்கள் மிகச் சிலவே.

செய்முறைகளின் நுட்பமும் அவ்வாறே வாழ்விலிருந்து எழுவது. அளவுக் கரண்டிகள் இல்லாத அவ்வூர்ப் பெண்கள் பேக்கிங் பவுடர், உப்பு, சோடா ஆகியவற்றை வெவ்வேறு நாணயங்களின்மேல் குவித்து அளந்ததை அவர் குறித்துள்ளார். விறகடுப்பில் கேக் வெந்துவிட்டதா என்பதை உள்ளிருந்து வரும் ஒலியைச் செவிகொடுத்துக் கேட்டு அறியலாம் என்பதும் அவர் தரும் குறிப்பு. வேகாத மாவின் ஈரம் கொதித்துக் குமிழியிடும் ஓசை அடங்கும்போது கேக் பதமாகியிருக்கும். கண்ணும் செவியும் விரலும் பெற்ற இவ்வறிவை, கிண்ணக் கணக்கில் எழுதப்படும் தற்காலச் செய்முறையினுள் சிதையாமல் சேர்த்ததே எழுத்தாளராக அவர் அடைந்த பெரும் வெற்றி எனலாம்.

அமெரிக்கத் தென்மாநிலச் சமையலின் பெரும்பகுதி அடிமைகளாயிருந்த கறுப்பினத்தாரின் கைகளில் உருவானது. ஆயினும் அதன் ஏட்டு வரலாற்றில் அவர்களின் பெயர்கள் அருகியே காணப்படுகின்றன. வர்ஜீனியச் சமையலின் முதன்மை ஆவணமாகக் கருதப்படும், 1824இல் வெளிவந்த மேரி ராண்டால்ஃபின் நூல் வெள்ளையின இல்லத்தலைவி ஒருவரின் நூலாகும். மெலிண்டா ரசல் (1866), ஆபி ஃபிஷர் (1881) முதலிய கறுப்பினப் பெண்கள் சமையல் நூல் எழுதியிருப்பதால் எட்னாவை இத்துறையின் முதல்வர் என்று கூறுதல் பொருந்தாது. விடுதலை பெற்றோர் தமக்காகவே விளைவித்து, தமக்காகவே சமைத்து உண்ட ஓர் ஊரின் முழு ஆண்டையும் தேர்ந்த உரைநடையில் எழுதிவைத்த சிறப்பு அவருக்குரியது.

நூலால் வந்த புகழுக்குப் பின்னரும் அவர் உழைப்பு ஓயவில்லை. தென் கரோலினாவின் மிடில்டன் பிளேஸ் போன்ற இடங்களில் சமைத்தார். 1988இல் ‘இன் பர்சூட் ஆஃப் ஃபிளேவர்’ நூலை வெளியிட்டார். எழுபது வயதைக் கடந்த நிலையில் புரூக்ளினின் பழம்பெரும் உணவகமான ‘கேஜ் அண்டு டோல்னர்’ சமையற்கூடத்துக்குத் தலைமையேற்றார். அலபாமாவைச் சேர்ந்த இளைய சமையற்கலைஞர் ஸ்காட் பீகாக்கோடு இணைந்து எழுதி 2003இல் வெளியிட்ட ‘தி கிஃப்ட் ஆஃப் சதர்ன் குக்கிங்’ அவருடைய இறுதி நூல். தென்மாநிலச் சமையல் என ஒரே பெயரால் வழங்கப்படுவதற்குள் வர்ஜீனியாவின் வழக்கும் அலபாமாவின் வழக்கும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை இருவரும் அதில் எடுத்துரைக்கின்றனர். பொரித்த கோழிக்கான செய்முறையிலோ இரண்டையும் ஒன்றுசேர்த்து, இறைச்சியை முதலில் உப்புநீரிலும் பிறகு மோரிலும் ஊறவைத்து, பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் சேர்த்து உருக்கி அதில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடைத் துண்டின் சுவையை ஏற்றிய பின்னரே பொரிக்கச் சொல்கின்றனர்.