மறுப்புக்கும் இடம் தந்த நூல்

புகழுரை கேட்டுப் பூரிக்காத தலைவர் அரியர். கண்டனம் கேட்டுக் கலங்காத தலைவர் அவரினும் அரியர். ஒரு கருத்தின் உரத்தை அறியவேண்டுமா? அதனைப் போற்றுவோர் தொகையை எண்ணிப் பயனில்லை. தாக்குவோரை அது எவ்வாறு எதிர்கொள்கிறது என்று பாருங்கள்! 1936-ஆம் ஆண்டு நடைபெற்ற கருத்துப்போர் ஒன்று இதனை நன்கு விளக்கும்.

லாகூரில் 'ஜாத்-பாத்-தோடக் மண்டல்' என்றொரு சங்கம். ஜாதியை உடைத்தெறியும் சங்கம் என்பதே அப்பெயரின் பொருள். 1935 டிசம்பரில் அச்சங்கத்தார் தம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு டாக்டர் அம்பேத்கரை அழைத்தனர். இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில்தான் அவர் இயோலாவில் முழங்கியிருந்தார். நாடறிந்த செய்தி அது.

தலைமையுரை தயாராயிற்று. ஜாதிக்கு அரண் சாத்திரம். சாத்திரம் புனிதமானது என்னும் நம்பிக்கை தகர்ந்தாலன்றிக் கலப்பு மணம் பரவாது, ஜாதியும் ஒழியாது — இதுவே அவ்வுரையின் சாரம். படித்துப் பார்த்த சங்கத்தார் பதறினர்! வேதங்களைத் தாக்கும் பகுதிகளை நீக்கிவிடக் கூடாதா என்று கேட்டனர். கிளையை வெட்ட வந்தவர்கள், வேரைக் காட்டியதும் கோடரியைக் கீழே போட்டுவிட்டனர்! ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இயலாது என்று மறுத்துவிட்டார் அம்பேத்கர். மாநாடு நடைபெறவில்லை. 1936 மே திங்களில், தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். மேடையேறாத அந்த உரை, இரண்டே திங்களில் விற்றுத் தீர்ந்தது.

ஜூலைத் திங்களில் காந்தியார் தம் 'அரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். உரையை ஒதுக்கிய சங்கத்தாரை அவர் பாராட்டவில்லை என்பதை நேர்மையுடன் நாம் கூறவேண்டும். சீர்திருத்தக்காரர் எவரும் அவ்வுரையைப் புறக்கணிக்க முடியாது என்றார். வைதிகரும் அதைப் படித்துப் பயன்பெறலாம் என்றார். எட்டணா விலையை இரண்டணாவாக, அன்றேல் நான்கணாவாகக் குறைக்கலாம் என்றுங்கூட எழுதினார். தாம் எதிர்க்கும் நூலைப் பிறர் படிக்கவேண்டும் என்று கருதுவது உயர்ந்த பண்பு, ஐயமில்லை.

ஆனால், வாதம் எத்தகையது? ஜாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை என்றார். மதத்தை அதன் தாழ்ந்த மாதிரிகளைக் கொண்டு அளக்கலாகாது. சிறந்தோரைக் கொண்டே அளக்கவேண்டும் என்றார். சைதன்யர், துக்காராம் என்று அவர் அடுக்கிய சிறந்தோர் வரிசையில் நம் திருவள்ளுவரும் நிறுத்தப்பட்டார்! பிறப்பொக்கும் என்றவரை வருணக் கோட்டைக்குக் காவலராக்குவதா என்று நாம் கேட்கமாட்டோமா?

அம்பேத்கர் என்ன செய்தார்? ஏசினாரா? வாளாவிருந்தாரா? இல்லை! 1937-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், காந்தியாரின் மறுப்பைத் தம் நூலிலேயே சேர்த்து அச்சிட்டார். அதில் கண்ட வாதங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். பிறகே விடை பகர்ந்தார்.

சிறந்தோர் மிகச் சிலராகவும் தீயோர் மிகப் பலராகவும் இருப்பது ஏன் என்று கேட்டார். அடியார்கள் ஆண்டவன்முன் மனிதர் நிகர் என்றனரேயன்றி, மனிதனுக்கு மனிதன் நிகர் என்று போராடவில்லை என்று காட்டினார். குலத்தொழிலைப் போற்றும் காந்தியார், வணிகர் குலத்திற் பிறந்தும் தராசை ஏந்தாது வழக்கறிஞரானது எப்படி என்றும் வினவினார். சொல்லில் கூர்மை உண்டு, திரிபு இல்லை. எதிரியின் எழுத்து பக்கத்திலேயே இருக்கும்போது திரிப்பது எங்ஙனம்?

அவ்வுரை பெரியாரின் முயற்சியால் தமிழிலும் வெளிவந்து நம் இயக்கத்தாரின் கைகளில் தவழ்ந்தது. அதன் கருத்தை ஏற்றோம்; அது காட்டிய முறையையும் ஏற்றோமா?

கண்டனம் கண்டு கதவடைத்தனர் லாகூர்ச் சங்கத்தார். இன்று அவர்களை நினைப்பதே அம்பேத்கரின் நூலால்தான். கண்டனத்தைப் படிக்கச் சொல்லி மறுத்தார் காந்தியார். மறுப்பையும் மக்கள்முன் வைத்து விடையிறுத்தார் அம்பேத்கர். அடித்தால் உடையும் என்று அஞ்சுபவன் மண்பானை வைத்திருப்பவன். பொன் வைத்திருப்பவன் உரைகல்லைக் கண்டு ஓடுவானா?

வேதத்தை வினவும் உரிமை கேட்டவர்கள் நாம். நம்மை வினவும் உரிமையை மாற்றாருக்கும், நம் தோழருக்கும் மறுத்தால், பகுத்தறிவு நம் கொடியில் இருக்கும், நம்மிடம் இராது!