ஈறு தெரியச் சிரிக்கிறவர்கள்

பிரான்ஸின் லோரியான் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் புதுச்சேரி வந்து சேர 18-ஆம் நூற்றாண்டில் ஆறேழு மாதம் ஆகும். பாதி வழியிலேயே மாலுமிகளின் வாய் அழுக ஆரம்பித்துவிடும். ஈறு கருஞ்சிவப்பாக வீங்கிப் பற்களை மூடும். தொட்டால் ரத்தம், கிட்டே போனால் நாற்றம். ஆள் ரெண்டு வாய் சாப்பிடட்டுமே என்று கப்பல் வைத்தியர் அந்தச் சதையை அறுத்தெறிவார். இன்றைக்கு அழகுக்காகச் செய்யும் ஈறு சீரமைப்புக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு.

நோயின் பெயர் ஸ்கர்வி. திசுக்களைப் பிடித்து வைத்திருக்கும் கொல்லாஜன் என்ற நாரை உடம்பு தயாரிக்க வைட்டமின் சி வேண்டும். காய்ந்த ரொட்டியிலும் உப்புக்கண்டத்திலும் அது கிடையாது. வெட்டிய காயம் மூடவும் அதே நார்தான் வேண்டும் என்பதால் கப்பலில் அறுத்த ஈறு லேசில் ஆறாது. பல வருஷத்துக்கு முன் ஆறிய தழும்புகூடத் திறந்துகொள்ளும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை ஆறு ஜோடிகளாகப் பிரித்து ஆளுக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் சட்டென்று தேறியது. நம்ம ஊர்க் கொல்லையில் சும்மா காய்த்துக் கிடக்கிற எலுமிச்சை!

நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பியேர் ஃபோஷார் இளவயதில் தொழில் பழகியது பிரெஞ்சுக் கடற்படையில்தான். 1728-ல் இரண்டு பாகமாக வெளிவந்த அவருடைய நூலில் ஈறு நோய்களுக்கும் இடமுண்டு. அப்போது புதுச்சேரியில் கவர்னர் லெனுவார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, மார்ச்சில் ஃபோஷார் இறந்தார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் எனக்கு இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிடிக்கும்.

பாரிஸில் பல் மருத்துவம் வளர வளர, பல்லைக் காட்டிச் சிரிக்கும் துணிச்சலும் வந்தது. 1787-ல் ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ருன், மகளை அணைத்தபடி, உதடு லேசாகப் பிரிந்து பல் தெரிய, தன்னையே வரைந்து காட்சிக்கு வைத்தார். மேட்டுக்குடி வட்டாரம் முகம் சுளித்தது. அதே வருஷம் திப்பு சுல்தானின் தூதர்கள் புதுச்சேரியில் கப்பலேறினார்கள். அடுத்த வருஷம் பாரிஸில் அவர்களையும் வரைந்தது அவரேதான். முகம்மது தர்வேஷ் கான் வாளோடு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். பல் தெரிந்ததற்கே அந்தக் கூப்பாடு. ஈறு தெரிந்திருந்தால்?

எனக்குத் தெரியும். சிரித்தால் 4 மில்லிமீட்டர். ஸ்கூல் குரூப் போட்டோ அத்தனையிலும் உம்மென்று இருப்பேன். போன வருஷம் இதே ஊரில் ஒரு கிளினிக்கில் அதைக் குறைத்துக்கொண்டேன்.

1999-ல் கோகிச் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிரிக்கும் வாய்களின் படங்களில் ஈற்றின் அளவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் காட்டியதில், பல் வரிசையைச் சீராக்கும் நிபுணர்களுக்கு 2 மில்லிமீட்டரிலேயே குறை தெரிந்துவிட்டது. சாதாரண ஜனங்களுக்குத் தெரிய 4 ஆகவேண்டியிருந்தது. ஆக, என் கேஸ் ஊர் கண்ணுக்கும் எட்டும் கேஸ்.

அதற்காக இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. எலும்புக்கு மேலே ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் பட்டை சராசரியாக 2 மில்லிமீட்டர் என்று 1961-லேயே கார்ஜியூலோ குழு அளந்து சொல்லியிருக்கிறது. அதில் கை வைத்தால் ஈறு வீங்கும், அல்லது திரும்ப வளரும். எனக்குப் பல்லை மூடியிருந்த உபரி ஈறு மட்டும்தான். எலும்பைத் தொட வேண்டியிருக்கவில்லை.

“ஈறு கறுப்பா இருக்கே மேடம், அதையும் லேசர்ல எடுத்துடலாமா?” என்று கேட்டார்கள். அது மெலனின், நோய் கிடையாது. எடுத்தாலும் பலருக்குத் திரும்ப வந்துவிடும். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று நடுவே கால்வாய் ஓடப் பிரிந்து கிடந்த ஊர் இது. என் வாய்க்குள்ளேயுமா? “வேணாங்க” என்றேன்.

மரத்துப்போன உதடு சாயங்காலம் விழித்தது. ஐஸ், மாத்திரை, குழைந்த தயிர்சாதம். மேல்வரிசையில் பிரஷ் வைக்கக் கூடாது. கொப்பளிக்கும் மருந்தால் நாக்கில் எல்லாமே உப்பில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் காயத்தின் மேல் வெள்ளைப் படலம் படர்ந்ததும் சீழ் என்று பயந்து போன் போட்டேன். “ஆறுறப்ப அப்படித்தான் இருக்கும், சுரண்டிடாதீங்க” என்றார் டாக்டர். அதற்கடியில் காயத்தின் ஓரத்திலிருந்து மேல்தோல் ஒரு நாளைக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் நகர்ந்து மூடிக்கொண்டு வரும். லோரியான் கப்பலில் இருந்தவனுக்குக் கிடைக்காமல் போனது அந்த அரை மில்லிமீட்டர்தான். எனக்குப் பத்து நாளில் மூடியது. ஈற்று விளிம்பு முழுசாக நிலைபெறச் சில மாதங்கள் ஆகும்.

ஆறு வாரம் கழித்து முத்தியால்பேட்டை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவளையே அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். “என்னடி, எளச்சுட்டியா? முகத்துல ஏதோ மாறியிருக்கு, என்னன்னுதான் தெரியல” என்றபடி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.