கடவும்பாகத்தின் மரத்துண்டுகள்

மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பள்ளிக்குள் நுழைபவர்களின் கண் முதலில் தரையில்தான் விழும். 18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த, கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள் அங்கே பதிக்கப்பெற்றுள்ளன. அவற்றைப் பதித்த கொத்தருக்கு எந்த ஓடு எங்கே என்னும் கவலை இருந்திராது. அனைத்தும் ஒரே அளவுச் சதுரம். எதை எங்கே வைத்தாலும் பொருந்தும். அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஓர் ஓட்டைப் பெயர்த்துக் கையில் எடுத்தால், அது தன் பழைய இடத்தைச் சொல்லாது.

இதற்கு நேர்மாறான ஒரு கட்டுமானம் அதே யூதர் தெருப் பகுதியில் இருந்தது. அதன் பெயர் கடவும்பாகம் பள்ளி. கடவு என்பது தமிழரும் அறிந்த சொல்; படகுத்துறையின் பக்கம் என்று பொருள். மலபார் யூதர்களுக்குரிய அப்பள்ளியின் காலத்தை 1544 என்று மரபு குறிக்கிறது. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் காணும் மலையாளத் தச்சுவேலையின் சாயல் கொண்ட செதுக்கல்கள் அதன் மரக் கூரைத்தளத்தை நிறைத்திருந்தன. 1950-களில் அச்சமூகத்தார் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். தொழுவதற்கு ஆளில்லாத கூடம் பின்னர் கயிற்றுத் தொழிலுக்கான இடமாயிற்று. 1991-இல் அதன் உட்புற மரவேலையை ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகம் பெற்றது. கழற்றிய துண்டுகள் கடல் கடந்து சென்று, மேற்பூச்சு நீக்கிச் சீர்செய்யப்பெற்று, 1995-இல் அங்கே மீண்டும் ஓர் அறையாக எழுந்தன.

ஒரு கட்டடத்தைப் பிரித்துச் சேர்ப்பது ஜிக்சா புதிரை ஒத்தது என்பது பழகிப்போன உவமை. ஆயினும் அப்புதிரின் வரலாற்றை அறிந்தால் உவமை வேறு பொருள் தரும். 1760-களில் இலண்டனில் நிலப்படம் செதுக்கிய ஜான் ஸ்பில்ஸ்பரி, படத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டெல்லைகளின் வழியே அறுத்துப் பள்ளிச் சிறுவர்க்கு விற்றார். அவர் நோக்கம் திகைக்க வைப்பதன்று, கற்பிப்பது. துண்டின் வடிவமே நாட்டின் வடிவம். ஆகவே துண்டே தன் இடத்தை அறிவித்தது. படத்தோடு தொடர்பற்ற வளைவுகளில் அறுத்து, ஆடுபவரைத் திணற வைக்கும் புதிர் பிற்காலத்தது. 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரியின் நிலப்படப் பலகைகளும் ஸ்பில்ஸ்பரியின் வழியையே பின்பற்றின. நாட்டுக்கு ஒரு துண்டு, பிடித்துத் தூக்க ஒரு குமிழ், துண்டு போய் அமர அதன் வடிவிலேயே ஒரு பள்ளம். பொருத்துவது எளிதா கடினமா என்பதை முடிவு செய்பவர் சேர்ப்பவர் அல்லர், அறுத்தவரே.

மலையாளத் தச்சர் இதை நன்கு அறிந்திருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை போன்ற நூல்கள், வீட்டின் ஓர் உறுப்பின் அளவை மற்றோர் உறுப்பின் அளவிலிருந்தே வருவிக்கின்றன. கூரையை எடுத்துக்கொண்டால், உத்தரத்தின் மேல் சாய்ந்து நிற்கும் கழுக்கோல்கள் ஒவ்வொன்றிலும் துளையிட்டு, அத்துளைகளின் ஊடே வளை என்னும் சட்டத்தைக் கோத்துப் பிணைப்பார்கள். நடுவிலுள்ள கழுக்கோல்கள் தம்முள் ஒத்திருக்கலாம். மூலையை நெருங்க நெருங்க நீளமும் சாய்வும் துளையின் கோணமும் மாறும். மூலைக் கழுக்கோலை வேறிடத்தில் வைத்தால் வளை உள்ளே நுழையாது. தவறு செய்தவருக்குத் தவற்றை அந்த மரமே உடனே காட்டிவிடும். தரையில் செதுக்கி, பொருத்திப் பார்த்து, பிரித்து, மேலே ஏற்றிக் கட்டும் முறை இது. எனவே பிரித்தல் இம்மரபுக்குப் புறம்பான செயலன்று. கடவும்பாகத்தின் மரங்கள் நாடு விட்டு நாடு சென்று மீண்டும் அறையாக முடிந்ததில், அருங்காட்சியகத்தாரின் உழைப்போடு, கழுந்துக்கேற்ற துளை செதுக்கிய பெயரறியாத் தச்சரின் பங்கும் உண்டு.

துண்டு பேசாவிடின் என்ன நேரும் என்பதற்குக் கம்போடியாவின் அங்கோரில் சான்றுண்டு. 11-ஆம் நூற்றாண்டின் பாபுவோன் சிவன் கோயிலைச் சீர்செய்யப் பிரெஞ்சு அறிஞர்கள் 1960 முதல் அதைப் பிரிக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 3,00,000 கற்கள் எண்ணிடப்பெற்றுச் சுற்றிலுமுள்ள காட்டில் அடுக்கப்பெற்றன. எண்ணுக்குரிய இடத்தைச் சொல்லும் ஏடுகளோ வேறிடத்தில் இருந்தன. போர் பணியை நிறுத்தியது; 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்தபோது அவ்வேடுகள் அழிந்தன. கல் இருந்தது, எண்ணின் பொருள் போயிற்று. சாந்து இல்லாமல் அடுக்கிய கோயிலாதலால் ஒவ்வொரு கல்லும் தன் இடத்தில் மட்டுமே சரியாக அமரும். இறுதியில் கைகொடுத்ததும் அந்தப் பண்பே. 1995-இல் மீண்டும் தொடங்கிய பணி எஞ்சிய பழைய ஒளிப்படங்களையும் கற்களின் வடிவையும் கொண்டு முன்னேறி, 2011-இல்தான் முடிந்தது.

ஜெருசலேமில் எழுந்த கடவும்பாகம் அறையும் முழுவதும் கடவும்பாகம் அன்று. தோரா சுருள்களை வைக்கும் பேழைதான் ஒரு யூதப் பள்ளியின் மையம். கடவும்பாகத்தின் பேழை முன்னரே இஸ்ரேலின் நெகாலிம் என்னும் ஊரிலுள்ள தொழுகைக்கூடத்துக்குப் போய்விட்டது. அருங்காட்சியகத்தில் அந்த இடத்தில் நிற்பது பறவூர் பள்ளியின் பேழை. ஒரு பெட்டியின் படத்தில் விடுபட்ட இடத்தை இன்னொரு பெட்டியின் துண்டு நிரப்புகிறது. ஒரே நிலத்துத் தச்சு ஆதலால் கண்ணுக்கு உறுத்தல் இல்லை. பொருந்துவது வேறு, உரியது வேறு என்பதைப் பார்வையாளர் நினைவில் வைத்தாக வேண்டும். பறவூர் பள்ளி பின்னர் முசிறித் திட்டத்தின்கீழ் புதுப்பிக்கப்பெற்றபோது அங்கே ஒரு புதுப் பேழை செய்து வைக்கப்பெற்றது. ஆக, கடவும்பாகத்தின் பேழை நெகாலிமில், பறவூரின் பேழை கடவும்பாகத்தில், பறவூரில் நகல்.

மரம் போன பின்னர் மட்டாஞ்சேரியில் எஞ்சியவை சுவர்களே. செம்புரைக்கல்லும் சுண்ணாம்புமாய் எழுந்த சுவருக்குக் கழுந்தும் இல்லை, துளையும் இல்லை. மேலே கூரை காக்கும் வரை நிற்கும்; மழை உள்ளே இறங்கிவிட்டால் கரையும். மரவேலையைக் கழற்றியவர்களைக் குறைகூற இயலாது. கழற்றாதிருந்தால் அதுவும் மண்ணாகியிருக்கக்கூடும். ஆனால் உள்ளீட்டைக் காத்த அக்கறையில் ஒரு பகுதியேனும் கூட்டுக்கும் கிடைத்திருக்கலாம். 2019 செப்டம்பரில் மழைக்குப் பின் கட்டடத்தின் முன்பகுதி சரிந்தது. விழுந்து கிடந்த கற்களில் எதுவும் தன் இடத்தைச் சொல்லும் வடிவில் இல்லை.