சோறும் சொற்கட்டும்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு நீடாமங்கலத்தை மறக்க முடியாது. காரணம், அந்த ரயில்வே கேட்! எத்தனையோ வருஷமாக, எத்தனையோ பேர் அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு, கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்த நேரத்தில் நீங்களும் அந்த ஊரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்திருப்பீர்கள். சந்தானராமர் கோயில், நாலாபுறமும் வயல், பக்கத்திலேயே மூணாறு தலைப்பு. ஒரே ஆறாக வருகிற தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிந்து போகிறது.

இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் இசை ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'நீடாமங்கலம்' என்றால் அவர்களுக்கு ஒரு மனிதர். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1894-ல் பிறந்து 1949-ல் மறைந்தவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர் என்றால், அது எப்பேர்ப்பட்ட இடம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அவரைப் போன்ற வித்வான்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்கள்? குருவின் வீட்டுத் திண்ணைதான் கல்லூரி. குருவின் வீட்டு அடுக்களைதான் மெஸ்!

இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கலை படிக்கிற மாணவர்களுக்காகத் தனி விடுதிகள் கட்டுகிறார்கள். ஓவியம் படிப்பவரும் நாடகம் படிப்பவரும் ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கும் ஒருவர் பாட, இன்னொருவர் வரைந்துகொண்டிருக்கலாம். ஆசிரியரும் அங்கேயே தங்குவார். 'வாழ்ந்துகொண்டே கற்பது' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் காவிரிக் கரையில் இதைக் குருகுலவாசம் என்றார்கள்.

தவில் குருகுலவாசம் எப்படி இருக்கும் தெரியுமா? பத்து வயசுப் பையனைக் கொண்டுவந்து விடுவார்கள். வந்த அன்றே தவிலைத் தொட விடமாட்டார்கள். தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும், கடைக்குப் போய்வர வேண்டும், குரு கச்சேரிக்குக் கிளம்பினால் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். பலா மரத்தில் குடைந்து செய்த அந்தத் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவாமி புறப்பாட்டில் விடிய விடிய நிற்பதென்றால் சும்மாவா? உடம்பு முதலில் பழக வேண்டும்.

பாடம் வாயில்தான் ஆரம்பிக்கும். 'தா தீ தொம் நம் ஜம்'. வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, சொற்கட்டு நாக்கில் ஏறிய பிறகுதான் கைக்கு வரும். இடது கையில் குச்சி. வலது கை விரல்களில் துணியும் பசையுமாகச் சுற்றிக் காயவைத்த கூடு. மற்றவர் தூங்கி எழுவதற்கு முன்னால் சாதகம் முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி சாதகம்.

யோசித்துப் பாருங்கள். இதில் பாதிப் படிப்பு 'பாட' நேரத்தில் நடப்பதே இல்லை! குரு திண்ணையில் வெற்றிலை போட்டபடி தொடையில் விரலால் ஒரு கணக்கைத் தட்டிப் பார்ப்பார். பக்கத்தில் விசிறிக்கொண்டிருக்கும் பையன் அதைப் பிடித்துக்கொள்வான். நாதஸ்வரக்காரர் எதிர்பாராத இடத்தில் பல்லவியை எடுத்தால் எப்படிச் சமாளிப்பது, கூட்டம் சலசலத்தால் எப்படி அடக்குவது, சக வித்வானோடு சண்டை வந்தால் எந்த அளவோடு நிறுத்துவது... இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்தில் வரும்? கூடவே இருந்தால்தான் வரும்.

பலன்? மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை. அந்த ராகவப் பிள்ளையைத் தேடிக் கடல் தாண்டி வந்தார் ஓர் இளைஞர். பின்னாளில் தமிழுலகமே கொண்டாடிய யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்திதான் அவர் (1933-1975). நீடாமங்கலத்து நாதம் நாச்சியார்கோயில் வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைப்பில் பிரிந்த ஆறு எங்கெங்கோ வயலுக்குப் பாய்கிற மாதிரி!

'ஆகா, அந்தக் காலம் பொற்காலம்' என்று இங்கேயே முடித்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சரித்திரம் அப்படி விடுவதில்லை.

கூடி வாழ்வது என்றால் கூடிச் சாப்பிடுவதும்தானே? அங்கேதான் நம் ஊர் இடறியது.

1871-ல் பதினாறு வயது உ.வே.சாமிநாதையர் மாயவரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள். அவரும் ஒரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தமிழுக்கு! கையில் காசு தங்காதவர். இருந்தாலும் கேட்டவர்க்கெல்லாம் பாடம் சொன்னார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவர் அவருடைய அன்பு மாணவர், கடைசிவரை உடனிருந்தவர். பாடத்துக்குச் சாதி, மதம் குறுக்கே வரவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு வந்தது. உ.வே.சா.வுக்குச் சாப்பாடு வேறிடத்தில். அன்றைய வழக்கம் அப்படி. யாருக்கும் அது உறுத்தவும் இல்லை.

ஐம்பது வருஷம் கழித்து உறுத்தியது. திருநெல்வேலிச் சீமையில் வ.வே.சு.ஐயர் 1922-ல் ஒரு குருகுலம் தொடங்கினார். அதுவே சேரன்மாதேவி குருகுலம். பிள்ளைகள் தங்கி, தமிழ் படித்து, கைத்தொழில் கற்று, உடம்பை வளர்த்து, தேச பக்தர்களாக வெளியே வர வேண்டும் என்பது கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, ஐயாயிரம் கொடுத்தது. பிறகுதான் அந்தச் செய்தி வெளியே வந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிப் பந்தி!

இரண்டே இரண்டு இலை. அதில் தமிழ்நாட்டு அரசியலே புரண்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போன ஐயர் தானும் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இந்தப் பந்தி.

இப்போது மறுபடி நீடாமங்கலத்துக்கு வாருங்கள். 1937 டிசம்பர் கடைசி. தவில் மேதைக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. புகழின் உச்சி. அதே ஊரில் காங்கிரஸின் தஞ்சை ஜில்லா அரசியல் மாநாடு நடந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாடு. தீண்டாமை கூடாது என்று சொல்கிற கட்சியாயிற்றே என்று நம்பி, பண்ணையில் வேலை செய்த தலித் தொழிலாளர்கள் சிலரும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்ததற்குத் தண்டனை கிடைத்தது. அடித்தார்கள். மொட்டையடித்தார்கள். சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். 'விடுதலை' பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. பத்திரிகை மீதே அவதூறு வழக்குப் போட்டார்கள்! இந்தச் சம்பவத்தை ஆய்வு செய்து ஆ.திருநீலகண்டன் ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

நீடாமங்கலம் என்றதும் தவில் ஞாபகம் வருகிற நமக்கு, இதுவும் ஞாபகம் வர வேண்டாமா?

பழைய குருகுலத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருந்தன. அது வீடு. வீடு என்பதால் அன்பு இருந்தது, நேரக் கணக்கு இல்லை, பீஸ் இல்லை. வீடு என்பதாலேயே அந்த வீட்டின் வாசற்படிக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கோ தவில் குருகுலத்தில் இடமே இல்லாமல் இருந்தது.

கல்லூரிகள் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தன. 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். சிலரின் பரம்பரைச் சொத்து என்று ஒதுக்கப்பட்டிருந்த நாட்டியத்தை மற்ற வீட்டுப் பெண்களும் தங்கிக் கற்றார்கள். அந்தப் பரம்பரைப் பெண்கள் மேடையிலிருந்து ஒதுங்கிப்போனது இதே கதையின் இன்னொரு பக்கம். 1965-ல் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி வந்தது. விண்ணப்பம் போட்டால் போதும், குருவின் வீட்டுக்காரர் சம்மதம் தேவையில்லை!

ஆனால் மணி அடித்ததும் வகுப்பு முடிந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சென்னை ஓவியர்கள் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். ஓவியக் கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கருக்கு ஒரு கவலை. நன்றாக வரைகிற மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய், தூரிகையை மறந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து பாதிக் துணிகளைச் செய்து விற்றார்கள். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கிற கைவேலை அது. அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ல் பிறந்தது சோழமண்டலம் ஓவியர் கிராமம். யார் தயவும் இல்லை. கையால் உழைத்த காசு. பகலில் பிழைப்புக்குக் கைவினை, மிச்ச நேரத்தில் மனசுக்குப் பிடித்த ஓவியம். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இறங்கிப் பாருங்கள்.

வாசற்படிக்காரர் யாரும் இல்லாத குருகுலம் அது. நிலம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் பந்தியும் எல்லோருக்கும் பொது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இசையோ ஓவியமோ படிக்கப் போகிறேன் என்றால், நாம் என்ன விசாரிக்கிறோம்? பீஸ் எவ்வளவு, வேலை கிடைக்குமா, ஹாஸ்டல் சுத்தமாக இருக்கிறதா... எல்லாம் சரி. கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். மணி அடித்த பிறகும் அங்கே யாராவது வாசித்துக்கொண்டு இருக்கிறார்களா? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா?

முதல் கேள்விக்கு நீடாமங்கலத்தில் அழகான பதில் இருந்தது. இரண்டாவதற்குத்தான் 1937-ல் அந்த ஊர் பதில் சொல்லத் தவறியது.

அடுத்த தடவை அந்த கேட் மூடியிருந்தால், இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.